இரண்டு லட்சம் ஓடின காருக்கு என்ன விலை?

மட்டக்களப்பில் பழைய கார் ஒன்றைப் பார்க்க வருகிறவர், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முதலில் கேட்பது, "எத்தின ஓடியிருக்கு?" இரண்டு லட்சத்துப் பதினையாயிரம் கிலோமீற்றர் என்று உள்ளதைச் சொன்னால் முகம் சுருங்கும். அடுத்த தெருவில் அதே வருடக் காரை வைத்திருப்பவர் எண்பத்தெட்டாயிரம் என்று சொன்னால் அதையும் அவர் நம்பமாட்டார், "மீட்டர் சுத்தியிருப்பான்" என்று சொல்லிக்கொண்டே திரும்புவார். கூடின மீட்டர் பயத்தைக் கிளப்புகிறது, குறைந்த மீட்டர் சந்தேகத்தைக் கிளப்புகிறது. கூட ஓடின காரை விற்கப் போகிறவர் கேட்கும் விலையிலிருந்து கழிபடுவது பெரும்பாலும் இந்தப் பயத்துக்கும் சந்தேகத்துக்குமான தொகைதான். அதில் எவ்வளவைக் கடதாசியாலும் சோதனையாலும் தீர்க்கலாம், மிச்சத்தை யார் தலையில் ஏற்றலாம் என்பதைப் பொறுத்துத்தான் நேரடியாக ஆளுக்கு விற்பதா, பழைய கார் வாங்கி விற்கும் கார் சேலுக்குக் கொடுப்பதா, அங்கே பழையதைக் கொடுத்து மேலே காசு வைத்து வேறு கார் எடுக்கும் எக்ஸ்சேஞ்ச் போடுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

முதலில், இரண்டு லட்சம் ஏன் இவ்வளவு சாதாரணமாகிப் போனது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஒரு லட்சத்தில் மாற்றியிருக்க வேண்டிய காரை அந்த ஐந்து வருடமும் சனம் ஓடித் தீர்த்தது. இறக்குமதி திறந்தால் பழைய கார் விலை தரைக்கு வந்துவிடும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. ஆனால் 2020 தொடக்கத்தில் 180 ரூபா அளவில் இருந்த டொலர் 300 ரூபாவில் நிற்க, அதன் மேல் எஞ்சின் அளவுக்கேற்ற உற்பத்தி வரியும் 18 வீத வற் வரியும் ஏற, புதிதாக வந்த கார்கள் எட்டாத விலைக்குப் போயின. பழைய அக்சியோ, விற்ஸ், வெகன் ஆர், அல்டோவுக்கு இன்னும் ஆள் இருப்பது அதனால்தான்.

அடுத்தது, ஓடின தூரம் மட்டும் தேய்மானத்தைச் சொல்லாது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 315 கிலோமீற்றர். மாதம் இரண்டு தடவை போய்வரும் கார் அந்தப் பயணத்திலேயே வருடத்துக்கு 15,000 கிலோமீற்றர் ஓடிவிடும். மணிக்குச் சராசரி 50 கிலோமீற்றரில் இரண்டு லட்சம் ஓடின எஞ்சின் வேலை செய்தது 4,000 மணித்தியாலம். கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் நின்று நின்று, சராசரி 20 கிலோமீற்றரில் ஒரு லட்சம் ஓடின எஞ்சினோ 5,000 மணித்தியாலம் வேலை செய்திருக்கிறது. பாதி மீட்டர் காட்டும் காரின் எஞ்சின், ஸ்டார்ட்டர், பிரேக், கதவுப் பூட்டு எல்லாம் கூடத் தேய்ந்திருக்கும். உங்கள் கார் பெருந்தெருவில் ஓடின கார் என்றால் அதை விளம்பரத்திலேயே எழுதுங்கள். வெறும் வாயால் சொன்னால் பலிக்காது. ஒயில் மாற்றியபோது சேர்விஸ் நிலையம் தந்த அட்டை, பாகம் வாங்கிய பில், டயர் பில் எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில் ஒரு கோப்பில் போட்டுக் கையில் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒன்றாக, மீட்டர் எண் ஏறிக்கொண்டே போகும் எட்டுப் பத்து அட்டைகள் இருந்தால் அந்த இரண்டு லட்சம் உண்மையான இரண்டு லட்சம் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். எண்பத்தெட்டாயிரக் காரர் காட்ட முடியாதது இதைத்தான்.

எழுவான்கரை உப்பும் படுவான்கரைக் கிறவலும்

இந்தப் பக்கத்துக் கார்களைப் பார்க்க வரும் விபரம் தெரிந்த ஆள் பொனற்றைத் திறக்குமுன் குனிந்து கீழே பார்ப்பார். கல்லடி, காத்தான்குடி, காரைதீவு, திருக்கோவில் என்று கடலோரத்தில் இரவு வெளியில் நிற்கும் காருக்கு உப்புக்காற்றே முதல் எதிரி. கறள் தொடங்கும் இடங்கள் தெரிந்தவைதான்: டிக்கிக் கதவின் அடி விளிம்பு, சில்லுக்கு மேல் வளைவின் உட்புறம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதி, கால்மிதிக்கு அடியில் உள்ள தரைத்தகடு, முன் சொக் அப்சோபர் மேலே பூட்டியிருக்கும் தகடு, பின்சில்லுக்குப் போகும் பிரேக் குழாய். இவற்றில் பயப்பட வேண்டியவை கடைசி இரண்டு. டிக்கி விளிம்புக் கறளைத் தகடு வேலை செய்யும் டிங்கரிங் பாஸ் ஒரு நாளில் வெட்டி ஒட்டுவார். சொக் தாங்கும் தகடு உக்கினால் அது காரின் எலும்பு உக்கின மாதிரி. அந்த நிலையில் விலையைக் குறைத்து, உள்ளதைச் சொல்லி விற்பதைத் தவிர நேர்மையான வழி இல்லை.

விற்பதற்கு முதல் வாரம் அடிப்பகுதி முழுக்கக் கறுப்புக் கோட்டிங் அடிப்பவர்கள் தங்கள் விலையைத் தாங்களே வெட்டுகிறார்கள். புதுக் கறுப்பைக் கண்டால் கராஜ் பாஸ் முதலில் திருப்புளியால் தட்டித்தான் பார்ப்பார். முழுப் பெயின்ற் அடிப்பதும் அதே கதை. "புல் பெயின்ற்" என்ற சொல்லை நம்மூர் ஆட்கள் "அக்சிடன்ற்" என்றுதான் காதில் வாங்குகிறார்கள். பட்டி பூசின இடத்தில் காந்தம் ஒட்டாது என்பது இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட் அன்ட் பொலிஷ் போதும். மஞ்சளித்த முன்விளக்கைத் தேய்த்துத் தெளியவைத்தால் கார் இரண்டு வயது இளமையாகத் தெரியும், செலவும் சொற்பம்.

மட்டக்களப்பு வாவிக்குக் கடல் பக்கம் எழுவான்கரை, மேற்கே உள்பக்கம் படுவான்கரை. படுவான்கரைப் பக்கம் ஓடின காரில் வேறு பிரச்சினை. கிறவல் பாதையில் லோவர் ஆம் புஷ், போல் ஜொயின்ற், ஸ்டெபிலைசர் லிங்க், சொக் எல்லாம் வரிசையாகத் தளரும். ஓடிப் பார்க்கும்போது குழியில் "டக் டக்" என்று கேட்கும் சத்தம் அனேகமாக லிங்க் ரொட்டில் இருந்து வரும். அது மலிவான பாகம். ஆனால் சத்தத்தைக் கேட்டவர் முழுச் சஸ்பென்சனும் போய்விட்டது என்று கணக்குப் போட்டு லட்சக் கணக்கில் கழிப்பார். இப்படியான சின்னச் சத்தங்களை விற்குமுன் தீர்ப்பது லாபம். ஏ.சி.யும் அப்படியே. சித்திரை வெயிலில் குளிராத காரில் பத்து நிமிடம் இருந்தவர் பேரம் பேசவே மாட்டார், எழும்பிப் போவார். காஸ் மட்டும் நிரப்பி ஒப்பேற்ற நினைக்காதீர்கள். முன்னால் இருக்கும் கொண்டென்சர் உப்பில் அரித்து ஓட்டை விட்டிருந்தால் இரண்டு கிழமையில் காஸ் இறங்கும். வாங்கினவர் உங்கள் ஊர்க்காரராக இருந்தால் சந்தையிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் அந்தக் கதை உங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு நாடு முழுக்கவே தண்ணீர் குடித்த வாகனங்கள் கைமாறுகின்றன என்ற பயம் இருக்கிறது. வாங்குகிறவர் சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு தேடுவார், கம்பளத்தை மணந்து பார்ப்பார், சீற் பூட்டின ஆணியில் கறள் பார்ப்பார். உங்கள் கார் தண்ணீருக்குள் நிற்கவில்லை என்றால் அவர் கேட்குமுன் நீங்களே கம்பளத்தைத் தூக்கிக் காட்டுங்கள்.

எஞ்சினுக்குச் சாட்சி

கூட ஓடின காரில் வாங்குகிறவரின் பெரிய பயம் எஞ்சின். அதற்குச் சாட்சி வாங்குவது கடினம் இல்லை. விற்பதற்கு ஒரு மாதம் முன்பே ஒயில் மாற்றி, டிப்ஸ்ரிக்கில் அளவைப் படம் எடுத்து வைத்து, 1,000 கிலோமீற்றர் ஓடினபின் மறுபடி பாருங்கள். அளவு கண்ணுக்குத் தெரிய இறங்கியிருந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீலாக இருக்கலாம். ஓடும்போது, ஏற்றத்தில் மிதிக்கும்போது வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கொம்பிரஷன் பார்க்கச் சொன்னால் கராஜ் பாஸ் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி அளவெடுத்துத் தருவார். பல பெற்றோல் எஞ்சின்களில் 150 தொடக்கம் 200 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். மொத்த அளவைவிட, நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் நிற்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்று குறைந்தால் அந்தத் துளைக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்து பார்க்கலாம்: அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கெஸ்கட். இந்தத் தாளில் மீட்டர் எண்ணும் திகதியும் எழுதி வாங்கினால் அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடையாது.

பார்க்க ஆள் வரும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்கவேண்டாம். வருகிறவர் பொனற்றைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் குளிர் ஸ்டார்ட்டை ஒளிக்கிறீர்கள் என்று நினைப்பார். எஞ்சின் அறையைத் தண்ணீர் அடித்துப் பளபளப்பாக்குவதும் ஒயில் கசிவை மறைக்கிற வேலையாகவே படும். துணியால் தூசு துடைத்தால் போதும். கியர்பொக்ஸ் ஒயிலை ஒருநாளும் மாற்றாமல் ஓடின ஓட்டோமெற்றிக் கியர் கார் என்றால், விற்கிற வாரத்தில் அதில் கை வைக்காதீர்கள். தேய்ந்த கிளச்சும் பழைய ஒயிலும் பழகிப்போன நிலையில் புது ஒயில் சில பெட்டிகளில் வழுக்கலைத் தொடக்கிவிடும். மாற்றவில்லை என்பதைச் சொல்லிவிட்டு விற்பது நல்லது.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் காரில் பயம் முழுக்கப் பற்றரியில் குந்தியிருக்கும். பிரியஸின் பற்றரிக்குள் 28 மொடியூல்கள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், மொத்தம் 201.6. கார் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதியாக வாசிக்கும். ஸ்கேனரைப் பூட்டி, ஓட்டிக்கொண்டே இந்த 14 எண்களையும் பார்க்கலாம். எல்லாம் ஒன்றாக ஏறி இறங்கினால் நல்லது. ஏற்றத்தில் மிதிக்கும்போது ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ற்றுக்கு மேல் விழுந்தால் அது சாகத் தொடங்கிவிட்டது. பற்றரி கெட்டுவிட்டது என்று சொல்லும் பி.0.ஏ.80 என்ற குறி ஸ்கேனரில் வந்திருந்தால் பேசி வேலை இல்லை. கெட்டுப்போன ஒரு மொடியூலை மட்டும் மாற்றி எச்சரிக்கை விளக்கை அணைத்து விற்கும் வழக்கம் இருக்கிறது. பழைய இருபத்தேழுக்கு நடுவில் புதுசு ஒன்று சமநிலையில் நிற்காது, சில மாதத்தில் பக்கத்து மொடியூல் விழும். வாங்குகிறவர்களும் இதை அறிந்துவிட்டார்கள். பின் சீற்றுக்குப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துளையைத் துப்புரவாக்கி வையுங்கள். பற்றரி சாவதற்குத் தூசடைத்த விசிறியும் ஒரு காரணம்.

கடதாசியில் விழும் விலை

கிழக்கில் நல்ல கார்கள் விலை இழப்பது எஞ்சினாலா கடதாசியாலா என்று கேட்டால், கடதாசியால் என்றுதான் சொல்ல வேண்டும். "ஓப்பன் பேப்பர்" என்று ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. விற்றவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டு வெறுமையாகக் கொடுப்பார். வாங்கினவர் தன் பெயருக்கு மாற்றாமலே அடுத்தவருக்கு விற்பார். மூன்று கை மாறியும் வாகனத்தின் பதிவுச் சான்றிதழான சீ.ஆர். புத்தகத்தில் முதல் ஆளின் பெயரே நிற்கும். அந்தக் கார் எங்கோ விபத்தில் மாட்டினால், கடத்தலில் பிடிபட்டால், பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரின் வீட்டுக்குத்தான். அவர் வெளிநாடு போயிருந்தால், இறந்திருந்தால் பெயர் மாற்றம் மலை ஏறும் வேலை. நீங்களே ஓப்பன் பேப்பரில் வாங்கினவர் என்றால், விளம்பரம் போடுமுன் முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அந்தச் செலவு விலையில் திரும்பி வரும்.

ஒழுங்கான மாற்றத்துக்கு இரண்டு படிவம்: எம்.டி.ஏ. 6 புதிய உரிமையாளர் பதிவுக்கு, எம்.டி.ஏ. 8 விற்றவர், வாகனம் கைமாறிவிட்டது என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிப்பதற்கு. அறிவிப்பு 14 நாளுக்குள் போக வேண்டும். அநேகர் முதலாவதில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துபோகிறார்கள். விற்றவரைக் காப்பாற்றுவது இரண்டாவதுதான். மூலச் சீ.ஆர்., நடப்பு வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், இரு தரப்பின் அடையாள அட்டைப் பிரதி இவற்றோடு 2025 முதல் வரி செலுத்துநர் இலக்கமும் தேவைப்படுகிறது. வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகிக் கிடந்தால் பிரதேச செயலகத்தில் தண்டத்தோடு கட்டிப் புதுப்பித்துவிட்டு விற்பனைக்குப் போடுங்கள்.

பழைய காரில் இன்னொரு பொறி: எஞ்சின் இலக்கம். எப்போதோ எஞ்சின் விழுந்து, ரீகண்டிஷன் எஞ்சின் ஏற்றி, அதைத் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருப்பார்கள். நிறம் மாற்றினதும் அப்படியே. சீ.ஆரில் உள்ள எஞ்சின், செசி இலக்கத்தோடு வண்டியில் அடித்திருப்பதை நீங்களே ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள். செசி இலக்கம் கறளில் மறைந்திருந்தால் மெதுவாகச் சுத்தப்படுத்துங்கள், கம்பித் தூரிகையால் உரஞ்சினால் எழுத்தே அழிந்து அதுவும் சந்தேகமாகும். லீசிங் கட்டி முடித்தவர்கள் அநேகர், புத்தகத்தில் பூரண உரிமையாளராக லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் நிற்பதை வாங்க ஆள் வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். கம்பனியிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கி அந்தப் பெயரை நீக்க நாள் எடுக்கும்.

புகைப் பரிசோதனையில் பெற்றோல் காருக்குக் காபன் மொனொக்சைட்டும் எரியாத ஐதரோகாபனும், டீசலுக்குப் புகையின் அடர்த்தியும் அளப்பார்கள். தவறினால் முதலில் எயார் பில்டர், பிளக், பிறகு ஒக்சிஜன் சென்சர் பாருங்கள். கூட ஓடின காரில் கடைசியாக நிற்பது சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக். அதைக் கழற்றி விற்றுவிட்ட கார்களும் ஓடுகின்றன.

யாருக்குக் கொடுப்பது

நான்கு வழி இருக்கிறது: நேரடியாக ஆளுக்கு, தரகர் மூலம், கார் சேலுக்கு ரொக்கத்துக்கு, எக்ஸ்சேஞ்ச். சேல்காரர் குறைத்துக் கேட்பதில் வஞ்சகம் தேட வேண்டியதில்லை. அவர் காசைப் போட்டு, பழுது பார்த்து, வெயிலிலும் உப்பிலும் நிறுத்திவைத்து, கடைசியில் வாங்கினவரின் முறைப்பாட்டையும் கேட்க வேண்டும். நீங்கள் தீர்க்காத சந்தேகத்தை அவர் விலைக்கு வாங்குகிறார். ஆகவே சாட்சியும் கடதாசியும் சுத்தமாக உள்ள காரைச் சேலுக்குக் கொடுப்பது நட்டம். எஞ்சின் இலக்கம் பொருந்தாத, கியர்பொக்ஸ் வழுக்குகிற காரைச் சேலுக்குக் கொடுப்பதே நிம்மதி. குறைகளைச் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் அதற்கேற்ற வாடிக்கையாளரை வைத்திருப்பார்கள்.

எக்ஸ்சேஞ்சில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க வேண்டும்: நீங்கள் மேலே வைக்கும் காசு. ஒரு கணக்கு: உங்கள் கார் வெளியில் 42 லட்சம் போகும் என்று வையுங்கள். சேலில் 43 தருகிறேன் என்கிறார்கள், மனம் குளிர்கிறது. ஆனால் அவர்களின் காருக்கு 78 சொல்கிறார்கள், அதே கார் வெளியில் 74. அங்கே மேலே வைப்பது 35 லட்சம். தனித்தனியாக விற்று வாங்கினால் 32. உங்கள் காருக்குக் கூடத் தந்த ஒரு லட்சத்தோடு இன்னும் மூன்று லட்சம் அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த மூன்று லட்சத்துக்கு நீங்கள் வாங்குவது, விற்கும் அலைச்சல் இல்லாத இரண்டு மாதம். சிலருக்கு அது பெறுமதிதான்.

நேரடியாக விற்கிறவர் காலத்தையும் பார்க்க வேண்டும். மாரியில், கார்த்திகை, மார்கழியில் வாங்க வருகிறவர் குறைவு. பெரும்போக அறுவடை முடிந்து அம்பாறை, சம்மாந்துறை, வெல்லாவெளிப் பக்கம் கையில் காசு புழங்கும் மாசி, பங்குனியில் கேட்டு வருகிறவர் கூடும். நோன்புப் பெருநாளுக்கு முன்னும் அப்படியே. பழைய வருடக் காருக்கு லீசிங் கம்பனிகள் குறைவாகவே கொடுக்கும், இல்லை என்று கைவிரிப்பதும் உண்டு. ஆகவே கையில் ரொக்கம் உள்ளவரே உங்கள் வாங்குநர், அவர் எப்போது வருவார் என்பதை வயலும் பெருநாளும்தான் சொல்லும்.

இக்மன், ரியசேவன, முகப்புத்தகம் எதில் போட்டாலும் விளம்பரத்தில் மீட்டர் எண்ணை எழுதுங்கள். மறைத்தால் அழைப்பு கூடும், வீட்டுக்கு வந்து திரும்பிப் போகிற ஆளும் கூடும். "215,000 கி.மீ., சேர்விஸ் அட்டை உண்டு, இரண்டாவது உரிமையாளர், பெயர் மாற்றிக் கொடுக்கப்படும், முன் இடது மட்கார்ட் பெயின்ற் அடித்தது" என்று குறையையும் சேர்த்து எழுதினால் பேரத்தில் அதைக் காட்டிக் குறைக்க முடியாது. "லாஸ்ற் எவ்வளவு?" என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கு, வந்து பார்த்துவிட்டுப் பேசுவோம் தம்பி என்பதே பதில். போனில் சொன்ன கடைசி விலை வீட்டு வாசலில் முதல் விலையாகிவிடும்.

ஓடிப் பார்க்கக் கொடுக்கும்போது வருகிறவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்த்து, நீங்களும் பக்கத்தில் ஏறுங்கள். அட்வான்ஸ் வாங்கினால் எத்தனை நாளுக்குள் மிச்சம், தவறினால் அட்வான்ஸ் என்னவாகும் என்று எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். முழுக் காசையும் வங்கியிலேயே, காசாளர் முன்னால் வாங்குங்கள். வைப்புச் சீட்டின் படத்தைத் தொலைபேசியில் காட்டினால் காசு வந்ததாகாது. காசோலை போட்ட பிறகு கணக்கில் எண் தெரிந்தாலும் அது தீரும்வரை உங்கள் காசு அல்ல.

சாவி கொடுக்கும்போது திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள். பிற்பகல் 3.40க்குக் கைமாறின கார் 5 மணிக்கு ஒருவரை மோதினால் அந்த நேரக்குறிப்பே உங்கள் பக்கம் பேசும். எம்.டி.ஏ. 8இன் பிரதி, வாங்கினவரின் அடையாள அட்டைப் பிரதி, விற்பனைக் கடிதம் மூன்றையும் வைத்திருங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு அன்றே அறிவியுங்கள். உங்கள் பெயரில் உள்ள காப்புறுதியோடு புதியவர் ஓடுவது இருவருக்கும் ஆபத்து. முழுக் காப்புறுதியில் சேர்ந்திருக்கும் நட்டஈடு கோராமைச் சலுகை காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. கடிதமாகக் கேட்டு வாங்கினால் அடுத்த காருக்குக் கட்டும் தொகையில் கழிக்கலாம்.